கொங்கு நாட்டுத் திருச்சபை வரலாறு: ஆய்வு செய்பவர்களும் பாடம் நடத்துபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர், தருமபுரிப் பக்கம் 19, 20ஆம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றில் முதுகலை ஆய்வேடோ முனைவர் பட்டமோ செய்ய வருபவர்களும், கல்லூரியிலும் இறையியல் கல்லூரியிலும் இந்தப் பாடத்தை எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

நவீன காலம் என்பதை எந்த ஆண்டிலிருந்து வைத்துக்கொள்வது?

ஐரோப்பியப் பாடநூலைப் பின்பற்றினால் 1517, 1648, 1789 என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். அவை ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் பொருந்தும். கொங்குக்கு வேறு கணக்கு வேண்டும்.

கத்தோலிக்கத் தரப்பில் இங்கே கதை இயேசு சபையாரின் மதுரை மிஷனிலிருந்து வருகிறது. 1623இல் ராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டுச் சேந்தமங்கலம், சேலம் பக்கம் வந்தார். 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. பிறகு மைசூர்ப் போர்கள். அதற்கடுத்த கட்டம் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்களுடையது. கோவை புதுச்சேரியிலிருந்து பிரிந்து 1850இல் தனி அப்போஸ்தலிக்க விகாரியேட் (மறைமாவட்டத்துக்கு முந்தைய நிலை) ஆனது, 1886இல் மறைமாவட்டம் ஆனது.

புராட்டஸ்டண்டுத் தரப்பில் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக்குள் மிஷனரிகள் நுழைய வழிவிட்ட 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம்தான் வாசல். லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் ஹென்றி கிரிஸ்ப் வழியாகச் சேலத்திலும், 1830இல் டபிள்யூ. பி. ஆடிஸ் வழியாகக் கோவையிலும் காலூன்றியது.

ஆகவே இரு தரப்பையும் சேர்த்து எழுதுபவர் 1773இல் தொடங்குவது நல்லது. புராட்டஸ்டண்டு மட்டும் என்றால் 1813 போதும். முடிவு ஆண்டை 1947 என்று வைப்பது வழக்கம். அது வசதிக்காகப் போட்ட கோடு, அவ்வளவுதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது என்பதற்காக ஒரு கிராமச் சபையில் மறுநாள் எதுவும் மாறிவிடவில்லை. கோவைக்குத் தனித் திருமண்டலம் (சி.எஸ்.ஐ.யின் மறைமாவட்டம்) 1950இல் வந்தது. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி 1959 வரை இருந்தார். அதுவரை கொண்டுபோய் நிறுத்தினால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்.

எந்தச் சபையின் ஆவணம் எங்கே இருக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தலைப்பைப் பதிவு செய்பவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் தலைப்பை மாற்ற மனு கொடுக்கிறார்கள்.

லண்டன் மிஷனரி சங்கம்: கோவை, சேலம், ஈரோடு எல்லாம் இவர்கள் களம். கடிதங்களும் அறிக்கைகளும் லண்டனில் சோவாஸ் (SOAS) என்ற கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியின் நூலகத்தில் இருக்கின்றன. களத்திலிருந்து வந்த கடிதங்கள் தனி வரிசை. 1866 முதல் ஆண்டறிக்கைகள் இன்னொரு தனி வரிசை. வெஸ்லியன் மெதடிஸ்டு சங்கத்தின் ஆவணங்களும் அதே நூலகத்தில்தான். கரூர், தாராபுரம் பற்றி எழுதுபவர் அந்த வரிசையைக் கேட்க வேண்டும்.

பாரிஸ் மறைபரப்புச் சபை: பாரிஸில் அந்தச் சபையின் காப்பகமும் அதை நடத்தும் பிரான்சு – ஆசிய ஆய்வு நிறுவனமும். ஒவ்வொரு குருவுக்கும் வாழ்க்கைக் குறிப்பு உண்டு. அவற்றில் பெரும்பகுதியை இணையத்திலேயே படிக்கலாம். பழைய மதுரை மிஷன் தாள்களுக்குக் கொடைக்கானல் அருகே செண்பகனூர் இயேசு சபைக் காப்பகம்.

லைப்சிக் லுத்தரன் மிஷன்: ஆவணங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனக் காப்பகத்தில். நீலகிரியையும் சேர்த்துக்கொள்பவர்களுக்குப் பாசல் மிஷன் காப்பகம். அங்கே பழைய புகைப்படத் தொகுப்பு பெரியது, இணையத்திலும் பார்க்கலாம்.

ஆங்கிலிக்கன்: எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) தாள்கள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில், சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்) தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில்.

இந்தியாவுக்குள் முதலில் போக வேண்டிய இடம் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகம். அடுத்து எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பள்ளி மானியம், நிலம், பஞ்ச நிவாரணம் என்று மிஷனும் சர்க்காரும் உரசிய இடமெல்லாம் அங்கே கோப்பாக இருக்கிறது. அச்சான துண்டுப் பிரசுரங்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மாவட்டப் பின்னணிக்கு நிக்கல்சனின் 1887ஆம் ஆண்டுக் கோவை மேனுவலும், லெ ஃபானுவின் 1883ஆம் ஆண்டுச் சேலம் மேனுவலும் மேசையில் எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாக, உள்ளூர்க் கத்தோலிக்கப் பங்குகளிலும் சி.எஸ்.ஐ. குருசேகரங்களிலும் இருக்கும் பதிவேடுகள், கூட்ட நடவடிக்கைப் புத்தகங்கள், காணிக்கைக் கணக்குகள். லண்டன் தாள் இன்னும் 100 ஆண்டு இருக்கும். சேகர வீட்டு மர அலமாரியில் இருப்பது அடுத்த மழைக்குத் தாங்குமா என்பது சந்தேகம். எங்கள் கருத்து, கொங்கு ஆய்வாளர் முதல் ஆறு மாதத்தை இங்கேதான் செலவிட வேண்டும்.

தலைப்பை எவ்வளவு சுருக்கலாம்?

'கொங்கு நாட்டில் கிறிஸ்தவம்' என்பது ஒருவர் ஆயுள் முழுக்கச் செய்யும் வேலை. ஒரு வட்டம், ஒரு சபை, 30 முதல் 50 ஆண்டு, ஒரு கேள்வி: முனைவர் பட்டத்துக்கு இதுவே தாராளம். 'சேலத்தில் லண்டன் மிஷனரி லெக்லர் தொடங்கிய தொழிற்பள்ளியில் படித்தவர்கள் எந்தத் தொழிலுக்குப் போனார்கள்' என்பது நல்ல தலைப்பு. 'மிஷனரிகளின் கல்விப் பணி' என்பது தலைப்பே அல்ல. அந்தப் பெயரில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் இணையத்தில் சேரும் சோத்கங்கா தளத்தில் எண்ணிப் பார்த்தால் ஆசை விட்டுப்போகும்.

ஆள் எடுப்பதானால் பிரெசியாக் நல்ல தேர்வு. மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக் 1842இல் இந்தியா வந்து, கோவை விகாரியேட்டின் முதல் பொறுப்பாளராக இருந்தார். சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் எதுவரை அனுமதிப்பது என்ற கேள்வியில் மனம் ஒப்பாமல் பதவி விலகினார். 1856இல் லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859இல் ஃபிரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். ஆப்பிரிக்காவில் அவரைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கோவைக் காலத்தைத் தமிழில் தனியாக எடுத்து எழுத இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

உள்ளூர்ப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி எப்படி வாங்குவது?

நேராகக் கோவிலுக்குப் போய் அலமாரியைத் திறக்கச் சொன்னால் நடக்காது. வரிசை இது: நெறியாளர் கையொப்பத்துடன் கல்லூரி முகப்புத்தாளில் கடிதம். அதில் எந்தப் பதிவேடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, படம் எடுப்பீர்களா, பெயர்களை வெளியிடுவீர்களா என்ற நான்கும் எழுதியிருக்க வேண்டும். கத்தோலிக்கப் பங்கு என்றால் முதல் கடிதம் ஆயர் இல்லத்துக்கு, அந்த அனுமதியுடன் பங்குத்தந்தைக்கு. சி.எஸ்.ஐ. என்றால் திருமண்டல அலுவலகத்துக்கு, அங்கிருந்து குருசேகரத் தலைவருக்கு. கத்தோலிக்கர் ஆயர் என்பது மேற்றிராணியாரை, சி.எஸ்.ஐ.காரர் ஆயர் என்பது உள்ளூர்ப் போதகரை. உறையில் பதவியோடு ஊரையும் சேர்த்து எழுதாவிட்டால் கடிதம் தவறான மேசையில் தூங்கும்.

போகும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். தவக்காலம், கிறிஸ்துமஸ், ஊர்த் திருவிழா, சபைத் தேர்தல், இந்த நான்கு சமயத்திலும் யாருக்கும் நேரம் இருக்காது. தேர்தல் சமயத்தில் பழைய ஏட்டைக் கேட்டால் 'எந்தக் கட்சிக்காரர் அனுப்பினார்' என்றுதான் பார்ப்பார்கள். சொத்து வழக்கு நடக்கும் சபையில் நில ஆவணம் பக்கமே போகாதீர்கள், ஞானஸ்நான ஏட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் என்னென்ன இருக்கும்? அதை எப்படிப் படிப்பது?

கத்தோலிக்கப் பங்கில் ஞானஸ்நானம், திருமணம், இறப்பு மூன்றும் தனித்தனி ஏடு. பழையவை லத்தீனில் இருக்கும். சில இடங்களில் வீடுவாரியாகக் குடும்பங்களை எழுதிய ஏடும் கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள். ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். ஒருவர் பின்னாளில் எங்கே, யாரைத் திருமணம் செய்தார் என்று அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது 20ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டம். பிறந்த பங்கிலிருந்து பெண்கள் எந்த ஊர்களுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டார்கள் என்று வரைபடமே போடலாம்.

புராட்டஸ்டண்டு ஏடுகள் பெரும்பாலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். வயது வந்தோர், குழந்தைகள் என்று பிரித்திருப்பார்கள். மதம் மாறியவருக்குப் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் சில ஏடுகளில் உண்டு.

ஒரு மாதிரிப் பதிவை எடுத்துக்கொள்வோம். 'தாது வருஷம் பங்குனி மாசம் 12ந் தேதி, காளியப்பன் என்கிற ஏசுவடியான், வயசு 30, கூலி, புதுப்பாளையம்.' ஒரே வரியில் மூன்று பொறி இருக்கிறது.

முதல் பொறி வருஷம். அறுபது வருஷச் சுற்றில் தாது 1816, 1876, 1936 மூன்றிலும் வரும். ஏட்டின் முன்பின் பக்கங்களை வைத்து 1876 என்று பிடித்துவிடலாம். ஆனால் முழு ஆண்டும் அதுவல்ல. தாது 1876 ஏப்ரலில் பிறந்தது, பங்குனி அதன் கடைசி மாதம். ஆகவே இந்த ஞானஸ்நானம் நடந்தது 1877 மார்ச் கடைசியில். தை, மாசி, பங்குனிப் பதிவுகளை எல்லாம் ஓராண்டு முன்னால் தள்ளிவிட்ட ஆய்வேடுகள் நிறைய. இங்கே அந்த ஓராண்டு சின்ன விஷயமல்ல. பருவமழை பொய்த்தது 1876இல், சனம் செத்து விழுந்தது 1877இல். பஞ்சத்துக்கு முன்னால் வந்தவரா, பஞ்சத்தில் வந்தவரா என்பதே இந்தக் கணக்கில் மாறிப்போகும்.

இரண்டாவது பொறி தொழில். கூலி என்று எழுதியது யார்? எழுதியவர் உபதேசியார், அதாவது கிராமச் சபையைக் கவனித்த உள்ளூர் ஊழியர். பண்ணையாள், தோல் வேலை செய்பவர், கிணறு வெட்டுபவர், எல்லாரும் அவர் பேனாவில் கூலி ஆகிவிடலாம். ஒரே உபதேசியார் கையெழுத்து எத்தனை பக்கம் ஓடுகிறது, ஆள் மாறியதும் தொழில் சொற்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள். மாறினால், நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது சபையார் செய்த தொழிலை அல்ல, எழுதியவரின் வழக்கத்தை.

மூன்றாவது பொறி ஊர். அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

ஒரே பெயரில் பல ஊர். எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

புதுப்பாளையம், கவுண்டம்பாளையம், வேலம்பாளையம்: கொங்கில் தடுக்கி விழுந்தால் ஒரு பாளையம். மிஷனரி ஆங்கில எழுத்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஈரோட்டை ஒரு 'ஆர்' போட்டும் இரண்டு 'ஆர்' போட்டும் எழுதினார்கள். தாராபுரத்துக்குக் குறைந்தது மூன்று எழுத்துக்கூட்டல் உண்டு.

ஊரைத் தனியே தேடாமல், அதே ஆண்டில் அந்த உபதேசியார் போன மற்ற ஊர்களையும் எடுத்து ஒரு நாள் நடை தூரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். பிறகு வருவாய்க் கிராமப் பட்டியலில் வட்டத்தோடு சேர்த்து உறுதி செய்யுங்கள்.

மாவட்ட எல்லை மாறிய ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். கரூர் வட்டம் 1910இல் கோவையிலிருந்து திருச்சிக்குப் போனது, தனி மாவட்டம் ஆனது 1995இல். கொள்ளேகால் 1956இல் மைசூருக்குப் போனது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்தன. ஈரோடு 1979இல் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது. திருப்பூர் 2009. 1890ஆம் ஆண்டுக் கோப்பை 'ஈரோடு மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் வராது, கோவை ஜில்லா என்றுதான் கேட்க வேண்டும். இதை மறந்துவிட்டு 1901, 1991 மக்கள்தொகைக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் 'கோவையில் கிறிஸ்தவர் வளர்ச்சி' என்று வரைபடம் போடுவது பிழை. இரண்டும் ஒரே நிலப்பரப்பு அல்ல.

வருவாய்க் கோப்புகளில் பசலி ஆண்டு இருக்கும். 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு, ஜூலையில் தொடங்கும். பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. மேலே சொன்ன தாது வருஷப் பங்குனி இதற்குள் விழுகிறது, அதைக் கொண்டு ஒத்துப் பார்க்கலாம். நில அளவில் வள்ளம் என்று வந்தால் நீங்களாக ஏக்கருக்கு மாற்றிவிடாதீர்கள். எந்த வட்டத்து வள்ளம் என்று மேனுவலில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

நூற்றாண்டு மலர்களை ஆதாரமாகக் காட்டலாமா?

காட்டலாம், 1830க்கு அல்ல. 1930இல் வந்த மலர் 1930ஆம் ஆண்டுச் சபை தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு அருமையான ஆதாரம். நிறுவப்பட்ட ஆண்டுக்கு அதை நம்புவது அபாயம். முந்தைய மலரைப் பார்த்து அடுத்த மலர் எழுதுகிறது, பொன்விழா மலரில் விழுந்த அச்சுப்பிழை வைர விழாவில் வரலாறு ஆகிவிடுகிறது.

ஒரு கோவிலுக்குக் குறைந்தது ஐந்து தொடக்கம் உண்டு. முதல் ஞானஸ்நானம், முதல் ஓலைக் கொட்டகை, அடிக்கல், அர்ச்சிப்பு அல்லது பிரதிஷ்டை, தனிப் பங்கு அல்லது சேகரம் ஆன நாள். மலரில் இந்த ஐந்தில் எது வசதியோ அது 'தொடக்கம்' ஆகும். பக்கத்துச் சபையைவிடப் பழமை காட்ட வேண்டுமென்றால் முதல் ஞானஸ்நானம், மலருக்கு நன்கொடை வேண்டுமென்றால் சீக்கிரம் விழா வருகிற தேதி. கல்வெட்டும் முழுச் சாட்சி அல்ல. கட்டடத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும்போது பழைய கல்லைப் புதுச் சுவரில் பதிப்பார்கள், அல்லது பழைய வாசகத்தைப் புதுக் கிரானைட்டில் வெட்டுவார்கள். ஈரோட்டு பிரப் நினைவாலயம் போன்ற பெரிய கட்டடத்துக்குக் கணக்கு, வரைபடம், படம் எல்லாம் உண்டு. வழியோரக் கிராமக் கோவிலுக்கு அந்தக் கல் ஒன்றுதான் மிச்சம். எனவே ஒரு தேதியை எழுதுமுன், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படாத இரண்டு ஆதாரமாவது வேண்டும்.

மிஷனரி கடிதங்களை எந்த அளவு நம்புவது?

கடிதம் யாருக்குப் போனது என்று முதலில் பாருங்கள். சங்கத்துச் செயலாளருக்கு எழுதியதில் பணக் கஷ்டமும் சக மிஷனரியோடு மனத்தாங்கலும் இருக்கும். அதே மாதம் பத்திரிகைக்கு எழுதியதில் ஒரு கிழவியின் மனமாற்றம் இருக்கும். இரண்டும் பொய்யல்ல. இரண்டாவதைப் படித்துவிட்டுத்தான் இங்கிலாந்தில் உண்டியல் போட்டார்கள், அதனால் அச்சான கடிதத்தை மட்டும் படிப்பவருக்குத் தோல்வி என்று ஒன்று நடந்ததாகவே தெரியாது.

எண்களையும் ஒத்துப் பாருங்கள். அறிக்கையில் வரும் 'சபையார்' என்ற எண்ணில் ஞானஸ்நானம் பெறாமல் வந்துபோகிறவர்களும் சேர்ந்திருக்கலாம், நற்கருணை பெறுபவர் எண்ணிக்கை வேறு. உபதேசியார் பெயர் வருகிற இடங்களைத் தனியாகக் குறித்து வாருங்கள். கிராமத்தில் வேலை நடத்தியவர் அவர், மிஷனரி மாதத்துக்கு ஒருமுறை மாட்டு வண்டியில் வந்துபோனவர். வேதப்பெண்கள் என்று அழைக்கப்பட்ட பெண் ஊழியர்கள் சம்பளப் பட்டியலில் மட்டும் தென்படுவார்கள். ரூபாய், அணா, பையாக எழுதியிருக்கும் அந்தப் பட்டியலை அலுப்புப் பார்க்காமல் எடுத்து எழுதுங்கள். 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். கூட்டுத்தொகை சரியாக வராவிட்டால் பையை நூறில் கணக்கிட்டிருப்பீர்கள்.

ஏடுகளைப் படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பிளாஷ் வேண்டாம். சன்னல் வெளிச்சம், காலை 10 முதல் 3 வரை. 12 மெகாபிக்சல் போன் ஓர் ஏ4 பக்கத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிக்கு மேல் தரும். பெரிய ஃபுல்ஸ்கேப் லெட்ஜரை முழுதாக எடுத்தால் பென்சில் குறிப்பு மங்கிவிடும், மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாக எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், உள்ளே செருகிய சீட்டு எல்லாம் எடுக்க வேண்டும். சீட்டை எடுத்த பக்கத்திலேயே திரும்ப வையுங்கள். கோப்புப் பெயரில் ஊர், ஏடு, ஆண்டு, பக்கம் என்ற வரிசை. 'புதுப்படம் 0457' என்று விட்டுவைத்தால் மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

ராமபாணப் பூச்சி துளைத்த ஏட்டில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை பழுத்து எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். லேமினேஷன் அதைவிடக் கேடு. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்காமல் விட்டுவிட்டு, பாதுகாப்புத் தெரிந்தவரை அழைக்கச் சொல்லுங்கள்.

வாய்மொழி வரலாறு எடுப்பதில் என்ன சிக்கல்?

எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் நம்ப முடியாது. 'மேட்டூர் டேம் கட்டறதுக்கு முந்தியாங்க, பொறவுங்களா?', 'கீழ்பவானி வாய்க்கால்ல மொதத் தண்ணி வந்தப்ப உங்களுக்கு எத்தன வயசிருக்குமுங்க?' என்று கேளுங்கள். மேட்டூர் 1934, கீழ்பவானி 1950களின் நடு. அதை வைத்து நீங்களே ஆண்டைக் கட்டிக்கொள்ளலாம். பெரியவர்களை அவர்கள் ஊர் வழக்கப்படி அப்புச்சி, அம்மாயி என்று அழைக்கிற உரிமை எல்லாருக்கும் எல்லா வீட்டிலும் இல்லை. ஐயா, அம்மா என்பது எங்கேயும் பிசகாது.

தாராபுரம், ஈரோடு வட்டாரங்களில் கூட்டமாகத் திருச்சபைக்கு வந்தவர்களில் அருந்ததியர் அதிகம். பல வீடுகளில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். ஆய்வாளரிடம் தமிழில் பேசுவார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் உண்மையை வீட்டு மொழியில் சொல்வார்கள். அந்த மொழி தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் யார் வீட்டுத் திண்ணையில் முதலில் உட்கார்ந்தீர்கள் என்பதையும் ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். காலையில் பண்ணையார் வீட்டில் காபி குடித்துவிட்டு மாலையில் காலனிக்குப் போனால், பண்ணையம் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பெயர்களை வெளியிடலாமா?

நெறியாளர்கள் அதிகம் அசட்டை செய்யும் விஷயம் இது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே ஒருவரின் தாத்தாவுக்கு ஞானஸ்நானம் ஆனது என்று ஊர், பெயர், தேதியோடு நீங்கள் சோத்கங்காவில் ஏற்றினால், பேரனின் சாதிச் சான்றிதழுக்கு எதிராக அதை யாராவது கொண்டுபோய் நீட்டலாம்.

எனவே 100 ஆண்டுக்கு உட்பட்ட பதிவில் தனிநபர் பெயர் வேண்டாம். பெயரை மறைத்துவிட்டு ஊரை விட்டுவைப்பதிலும் பயனில்லை. 15 வீடு உள்ள சபையில் ஊர் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும். வட்டம் வரை சொல்லுங்கள், போதும். சாட்சி சொன்னவரிடம் ஒப்புதல் வாங்கும்போது 'புத்தகத்தில் வரும்' என்று மட்டும் சொல்லாமல், இணையத்தில் யாரும் தேடிப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டு மறுத்தால் விட்டுவிட வேண்டும்.

என்னென்ன மொழி தேவை?

தலைப்பைப் பொறுத்தது. லண்டன் மிஷன் என்றால் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் படிக்கப் பழகினால் போதும், இரண்டு வாரப் பயிற்சி. தாள் மிச்சம் பிடிக்க ஒரே பக்கத்தில் குறுக்கேயும் எழுதியிருப்பார்கள், அதற்கு மட்டும் பொறுமை வேண்டும். பாரிஸ் சபை என்றால் பிரெஞ்சு இல்லாமல் முடியாது. பங்கு ஏட்டு லத்தீன் பயப்பட வேண்டியதில்லை, 40 சொல் தெரிந்தால் ஓடும். லைப்சிக் தாள்களுக்கு ஜெர்மன் தெரிந்தாலும் போதாது, குரெண்ட் என்ற பழைய கையெழுத்தைத் தனியாகக் கற்க வேண்டும்.

எங்கே சேர்ந்து படிப்பது?

இறையியல் வழி: செராம்பூர் செனட்டின் கீழ் பி.டி., எம்.டிஎச்., டி.டிஎச். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி பக்கத்தில் உள்ளவை. பல்கலைக்கழக வழி: சென்னைப் பல்கலைக்கழகக் கிறிஸ்தவ ஆய்வுத் துறை, அல்லது பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளில் வரலாற்றுத் துறை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, சாதாரணமாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், குறைந்தது 12 கிரெடிட் பாடநெறியும் உண்டு. வரலாற்றுத் துறையில் சேர்பவர் இறையியலும், இறையியலில் சேர்பவர் வருவாய் ஆவணமும் தனியாகப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கும். 1935இல் தொடங்கிய இந்தியத் திருச்சபை வரலாற்றுக் கழகத்தில் உறுப்பினர் ஆவது நல்லது. அதன் பல தொகுதி வரலாற்றில் 19, 20ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுக்கென ஹ்யூகால்ட் கிராஃபே எழுதிய தொகுதி 1990இல் வந்தது, தொடக்கத்துக்கு அதைப் படியுங்கள்.

கிறிஸ்தவர் அல்லாதவர் இந்த ஆய்வைச் செய்யலாமா?

தாராளமாக. உள்ளே இருப்பவர் கேட்கக் கூசும் கேள்வியை அவர் கேட்பார். உபதேசியார், சபையார், திருவிருந்து, பூசை போன்ற சொற்களை யாரிடம் எதைச் சொல்வது என்று மட்டும் கற்றுக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் எப்படி நடத்துவது?

60 மணி நேரத் தாளில் 35 மணி ஐரோப்பாவுக்கே போய்விடுகிறது. கடைசி வாரத்தில் கோவையும் சேலமும் ஒரே மூச்சில். மாணவருக்கு லூத்தரின் மனைவி பெயர் தெரியும், தன் ஊர்க் கோவிலைக் கட்டியது யார் என்று தெரியாது. 15 மணியில் ஐரோப்பாவை முடித்து, மிச்சத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள்.

ஒரு பயிற்சி மட்டும் விளக்குகிறோம், 50 நிமிஷப் பாடவேளைக்கு அளவானது. 1900க்கு முந்தைய ஞானஸ்நான ஏட்டில் 20 பதிவுள்ள ஒரு பக்கத்தை நகல் எடுத்து, பெயர்களைக் கறுப்படித்து, நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுங்கள். முதல் 15 நிமிஷம் எண்ணிக்கை மட்டும்: வயது வந்தோர் எத்தனை, குழந்தை எத்தனை, தாய் பெயர் விடுபட்டது எத்தனை, எந்த மாதத்தில் குவிகிறது. அடுத்த 15 நிமிஷம், அதே ஆண்டு மிஷன் அறிக்கையின் ஒரு பத்தியைக் கொடுத்து எங்கே பொருந்தவில்லை என்று கேளுங்கள். மிச்ச நேரம் பேச்சு. வழக்கமாகக் கெடுவது முதல் பகுதியில்தான். மாணவர்கள் எண்ணாமல் 'பலர் ஞானஸ்நானம் பெற்றனர்' என்று எழுதித் தருவார்கள். தாளில் கட்டம் போட்டுக் கொடுத்து, எண் இல்லாத விடைக்கு மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவதானால் சாயங்காலம் போங்கள், சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்தும் தெரியும். மேகமாக இருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கலாம். எழுத்தில் சாக்பீஸ் தேய்ப்பதும் கம்பி பிரஷ் போடுவதும் கூடாது.

சமீப காலச் சுயேச்சைச் சபைகளைப் பற்றி எழுத ஆவணமே இல்லையே?

ஏடு இல்லை, தாள் நிறைய உண்டு. எழுப்புதல் கூட்ட நோட்டீஸ், சுவரொட்டி, பாட்டுப் புத்தகம், பிரசங்கக் கேசட், டிரஸ்ட் பதிவுப் பத்திரம், வாடகை ரசீது. பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். நோட்டீஸை அச்சகத்தில் கேளுங்கள், சிவகாசியிலும் கோவையிலும் பழைய அச்சகக்காரர்கள் மாதிரிப் பிரதிகளை எடுத்து வைத்திருப்பார்கள். கேசட்டை முதலில் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். பூஞ்சை பிடித்த நாடா ஒருமுறை ஓடினால் அறுந்துவிடும், எண்மப்படுத்தத் தெரிந்தவரிடம் நேராகக் கொடுங்கள்.

ஆய்வு முடிந்ததும் எடுத்த படங்களை என்ன செய்வது?

ஒரு பிரதி அந்தந்தப் பங்குக்கோ சேகரத்துக்கோ, பென்டிரைவில் மட்டுமல்ல, முக்கியமான பக்கங்களைத் தாளிலும் அச்சிட்டுக் கொடுங்கள். போதகர் மாறும்போது பென்டிரைவும் பெட்டியோடு போய்விடும். இன்னொரு பிரதி திருமண்டல அல்லது மறைமாவட்ட அலுவலகத்துக்கு, மூன்றாவது கல்லூரி நூலகத்துக்கு. மூன்றிலும் ஏட்டின் பெயர், ஆண்டு, பக்க எண்ணிக்கை, எந்தப் பக்கம் கிழிந்திருந்தது என்ற குறிப்புத் தாள் ஒன்று இருக்கட்டும். கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.